ஐந்தாம் மதகின் காவல்காரி

என் மகள் தன் கதையை அனுப்பிவிட்ட பிறகுதான் எனக்கு வாசிக்கத் தந்தாள். முதலே தந்திருந்தால் நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக என்னோடு இருக்கிறவள், என் குணம் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக் குசினியில் நான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். மேசையில் பதினொரு பக்கத்தை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல டோஸ்ட் போடப் போனாள். கையைக் கழுவிவிட்டு நின்றபடியே வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

உட்காரவைத்தது முதலில் அவளுடைய தமிழ். ஆக்லாந்தில் பிறந்து, ஐந்து வயதுவரை நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொன்ன பிள்ளை. இன்றும் எழுத்து அவளுக்கு மெதுவாகத்தான் வரும். கதையை ஃபோனுக்குச் சொல்லி, ஃபோன் எழுதித் தந்ததை வரி வரியாகத் திருத்தி, இரண்டு மாதமாக அறைக்குள் இருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கம்பஸ் படிப்பு வேலையாக்கும் என்று நான் நினைத்தேன். அந்த முணுமுணுப்புத்தான் இப்போது என் கையில் பதினொரு பக்கமாக இருந்தது. சந்திப்பிழைகள் இருந்தன, இருக்கட்டும். வசனங்கள் நடந்தன. இங்கே பிறந்த பிள்ளைக்கு ஏச்சும் நக்கலும் தமிழில் இப்படிக் கூடி வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சு விம்மியது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

அடுத்த நிமிடம் அதே வரியை விரல் வைத்து மறுபடி வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஐந்தாம் மதகின் காவல்காரி வந்துவிட்டாள்.

விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தலைமுறைப் பிள்ளைகள் வாசித்து வளர்ந்த ஒரு மாயக் கதை நூல் உண்டு. ஒரு பெரிய குளம். அதன் அடியில் ஒரு நாடு. அந்த நாட்டுக்கு ஏழு மதகுகள். ஒவ்வொரு மதகைக் கடந்தாலும் வேறு காலநிலை, வேறு சட்டம். குளத்துக்குள் தவறி விழுந்த ஒரு சிறுமி, மறதிக்கார நாரை ஒன்றின் துணையோடு ஏழையும் கடந்து வீட்டுக்கு வருவதுதான் கதை. எழுதியவர் இப்போது இல்லை. அவருடைய குடும்பத்தின் சம்மதத்தோடு, அதே குளநாட்டில் நடக்கிற புதிய சிறுகதைகளைச் சேர்த்து ஒரு தொகுப்புப் போடப்போவதாகச் சென்னையிலிருந்து ஒரு பதிப்பகம் அறிவித்திருந்தது. யாரும் எழுதலாம், எந்த நாட்டிலிருந்தும் எழுதலாம். நிபந்தனை ஒன்றுதான்: மூலநூலுக்கு முரணாக ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. பதிப்பாசிரியர் அம்மா அதில் மகா கறார் என்று கேள்வி. நாரையின் கால் நிறத்தை மாற்றி எழுதிய ஒருவரின் கதையை, மேலே வாசிக்காமலே திருப்பி அனுப்பினாராம்.

என் மகளோ நாரையின் காலோடு நிற்கவில்லை. நூலிலேயே இல்லாத ஒருத்தியைக் கதாநாயகியாக்கி அனுப்பியிருந்தாள். அவள் நூலில் இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால் அவளை உண்டாக்கினது நான்.

அது எப்படி என்று சொல்ல ஊருக்கு, என் பள்ளிக்கூட வகுப்புக்குப் போகவேண்டும். அந்த நூல் எங்கள் வகுப்பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏழு சிநேகிதிகள். ஒருத்தி முழுவதையும் வாசித்து முடிக்கும்வரை மற்ற ஆறு பேரும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களில் ஒருத்திக்கும் பொறுமை இல்லை. ஆகவே பிளேடால் முதுகுக்கட்டை வெட்டி, நூலை ஏழு பகுதியாகப் பிரித்தோம். ஒவ்வொன்றையும் சாக்கு ஊசியால் தைத்து, பழைய கலண்டர் தாளில் உறை போட்டோம். திங்கட்கிழமை தோறும் பகுதிகள் கைமாறும். கையில் கிடைத்ததைத்தான் வாசிக்க வேண்டும். வரிசை கேட்கக் கூடாது. எனக்கு முதலில் வந்தது மூன்று. பிறகு ஏழு, ஒன்று, ஆறு, இரண்டு, நான்கு. சிறுமி வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குக் குளத்தில் விழுந்தாள். அதைப் பற்றி எங்களுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. நடுவில் விட்டதை நாங்களே இட்டுநிரப்பிக்கொண்டு, இடைவேளையில் அடித்துச் சத்தியம் பண்ணிச் சண்டை பிடிப்போம்.

எனக்கு மிச்சமிருந்தது ஐந்து. அது வரவேண்டிய திங்கட்கிழமை, சண்டை கிட்ட வந்துவிட்டதால், பள்ளிக்கூடம் நடக்கவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை நாங்கள் அந்த ஊரிலேயே இல்லை. நாலாம் பகுதி மட்டும் என் புத்தகப் பையில் கிடந்து என்னோடு இடம் இடமாகத் திரிந்தது. ஐந்தை வைத்திருந்த பிள்ளை எந்தப் பக்கம் போனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாலாம் பகுதியின் கடைசி வரியில் சிறுமியும் நாரையும் ஐந்தாம் மதகின் முன்னால் நிற்கிறார்கள். ஆறாம் பகுதி தொடங்கும்போது அந்தப் பக்கம் வெயிலில் பாவாடையைக் காயவைத்துக்கொண்டிருக்கிறார்கள். எப்படிக் கடந்தார்கள்? எனக்குத் தெரியாது.

வருடங்கள் போய், ஆக்லாந்துக்கு வந்து, ஒரு கோயம்புத்தூர்க்காரரைக் கலியாணம் கட்டி, மகள் பிறந்தாள். எனக்கு நகரத்தின் அந்தக் கரையில், ஆல்பனியில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை. இரத்தக் குழாய்கள் வந்து குவியும். நான் பிரித்து, ஒட்டி, அனுப்புவேன். மகளையும் அங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டோம். காலையும் மாலையும் நாங்கள் இரண்டு பேரும் காரில், பாலத்தைத் தாண்டி, போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். இப்போது சுரங்கப்பாதை வந்துவிட்டது, அதால் போனால் கெதியாக, நேரத்தோடு போகலாம் என்று என் கணவர் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். நாங்கள் இன்னும் பாலத்தால்தான் போகிறோம்.

காருக்குள் தமிழ்தான் என்று சட்டம் போட்டேன். இங்கிலீஷில் கேட்டால் என் காது வேலை செய்யாது. இரண்டு கிழமை, முழுசாகப் பதினாலு நாள், அவள் வாயைத் திறக்கவேயில்லை. என் பிடிவாதத்தில் பாதியாவது அவளுக்கும் இருக்காதா? அப்போதுதான் நான் குளநாட்டை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்கான வரிசையில் சொல்லத் தொடங்கினேன். ஞாபகத்திலிருந்துதான். சிறுமி விழுந்த அன்றைக்கே மகள் கேட்டாள், "நாரை ஏன் மறந்தது?" தமிழில் கேட்டாள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெரிய விசயமே இல்லை என்பதுபோலப் பதில் சொன்னேன். உள்ளே கொண்டாட்டம்.

நாலு மதகும் ஒரு வருடத்துக்கு ஓடியது. பிறகு ஐந்து வந்தது. வரும் என்று தெரிந்தும் நான் ஒரு ஆயத்தமும் செய்யவில்லை. அன்று பின்னேரம் ஆல்பனியில் மோட்டர்வேக்கு ஏறுகிற இடத்துக்கு முன்னால் வீதி திருத்த வேலை. செம்மஞ்சள் கூம்புகள். செம்மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒரு பெண், ஒரு பக்கம் நில், மறுபக்கம் போ என்று எழுதிய நீளத் தடிப் பலகையோடு நின்றாள். ஒரு லொறிக்காரன் மெல்ல முன்னுக்கு நகரப் பார்த்தான். அவள் கையை நீட்டிப் போட்ட அதட்டலில் லொறிக்காரன் மட்டுமல்ல, பின்னால் நின்ற நானும் பிரேக்கை இன்னும் கொஞ்சம் அமத்தினேன்.

"அம்மா, அஞ்சாம் மதகில என்ன இருந்தது?" என்று பின் இருக்கையிலிருந்து கேள்வி வந்தது.

"ஒரு காவல்காரி" என்றேன்.

அவ்வளவுதான், பிறந்துவிட்டாள். செம்மஞ்சள் சேலை. கையில் பலகை. இடுப்பில் பால் விடாத தேத்தண்ணிப் பிளாஸ்க். மதகுக்கு முன்னால் மீனும் ஆமையும் மந்திரிமாரும் வரிசையில் நிற்க, ராசாவே வந்து அவசரம் என்றாலும், "வரிசையில நில்லுங்கோ! மற்ற ஆக்களுக்கு அவசரம் இல்லையோ?" என்று கேட்பாள். யாருக்கும் பயமில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவள் கேள்விப்படாத ஒரு விசயத்தைச் சொன்னால்தான் மதகு திறக்கும். சிறுமியையும் நாரையையும் அவளுக்கு முன்னால் நான் மூன்று மாதம் நிற்கவைத்தேன். மகள் அவர்களைக் கடக்கவிட்டால்தானே? தினமும் காவல்காரிக்குச் சொல்ல அவளே ஒரு புது விசயம் கண்டுபிடித்துக்கொண்டு வருவாள். எல்லாம் தமிழில். பல் விழுந்தது, மூலைக்கடை டெய்ரிக்காரர் வீட்டுப் பூனை குட்டி போட்டது, ஒரு டீச்சர் கழிவறையில் பாடியது. காவல்காரி நாடியைக் கையில் தாங்கி யோசித்து, "இது எனக்கு முதலே தெரியும், அடுத்த ஆள்!" என்பாள். பாலம் முழுக்கச் சிரிப்பு.

இதுவரைக்கும் பிழையில்லை. கதை சொல்கிற எந்தத் தாயும் செய்கிறதுதான். பிழை பிறகு வந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள், பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த நூல் பாத்திரமாக உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். நான் வேலைக்கு லீவு போட்டேன். நான் லேசில் லீவு போடுகிற ஆளில்லை. காய்ச்சலோடும் வேலைக்குப் போயிருக்கிறேன். என் செம்மஞ்சள் சால்வையைச் சேலையாகச் சுற்றி, மட்டையில் பலகை வெட்டி, நில், போ என்று தமிழிலேயே எழுதி, இடுப்பில் பிளாஸ்க்கும் கட்டி விட்டேன். இளவரசிகளும் சூனியக்காரிகளும் போன ஊர்வலத்துக்கு நடுவில் என் மகள் எல்லோரையும் மறித்து வரிசையில் நிற்கவைத்துக்கொண்டு போனாள். பார்க்கப் பார்க்கப் பெருமை பொங்கியது. இது எந்த நூலில் வருகிறது என்று வகுப்பாசிரியை கேட்டார். மிகப் பழைய தமிழ் நூல் ஒன்றில் வருகிறது, என் அம்மா முழுவதும் வாசித்திருக்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டல்தான் பொய். ஆறு வயதுப் பிள்ளை ஊரறியச் சொல்லும்போது, இல்லை, இவளை நான் வீதி வேலை நடந்த இடத்தில் பிடித்தேன் என்று எப்படிச் சொல்வது? பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு பிறகு என்று பதின்மூன்று வருடம் போய்விட்டது. நடுவில் என் கணவர் ஊருக்குப் போனபோது, அந்த நூலை மறுபடி அச்சுப்போட்டிருக்கிறார்கள், வாங்கி வரவா என்று ஃபோனில் கேட்டார். பெட்டி பாரம், வேண்டாம் என்றேன். பாரத்தைப் பற்றி நான் என்றைக்குக் கவலைப்பட்டேன்? கருவாடு மட்டும் மூன்று கிலோ கொண்டுவரச் சொன்னவள் நான். உண்மையான ஐந்தாம் பகுதி வீட்டுக்குள் வந்தால் என் காவல்காரிக்கு இடமில்லாமல் போகுமே என்ற பயம்.

இப்போது அந்தப் பயம் பதினொரு பக்கமாகக் குசினி மேசையில் இருந்தது. கதையை முழுதாக வாசித்தேன். காவல்காரி ஒரு நாள் ராசாவிடம் போய் லீவு கேட்கிறாள். குளநாட்டில் அப்படி ஒரு சொல்லே கிடையாதே என்கிறார் ராசா. "இல்லாட்டி உண்டாக்குங்கோ" என்கிறாள் அவள். பலகையைப் போ என்ற பக்கம் தெரிய ஆணியில் கொழுவிவிட்டு, படியேறிக் குளக்கட்டுக்கு வருகிறாள். மேலே பிள்ளைகளின் ஊர்வலம் போகிறது. அதில் ஒரு சின்னப் பிள்ளை செம்மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு எல்லோரையும் அதட்டுகிறது. காவல்காரி குளக்கட்டிலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு அதைக் கண்ணிமைக்காமல் பார்க்கிறாள். திரும்பி வந்தால், மதகடியில் ஈரக் கால் தடங்கள்: ஒரு சிறுமியின் காலும், ஒரு நாரையின் காலும். தன்னைக் கேளாமல் யாரோ கடந்துவிட்டார்கள். வாயில் வந்தபடி ஏசிக்கொண்டே தடங்களைத் துடைக்கிறாள். சிறுமியின் ஒரு சோடித் தடத்தை மட்டும் துடைக்காமல் விடுகிறாள்.

கதை அங்கே முடிந்தது. அந்த ஏச்சு, அந்த நாடியில் கை, அந்த லீவு போட மனமில்லாத குணம். யாரைப் பார்த்து எழுதினாள் என்று எனக்குத் தெரியாமலில்லை.

"எப்பிடி?" என்றாள் மகள், டோஸ்டைக் கடித்தபடி.

"நல்லா இருக்கு" என்றேன். "சந்தி பார்க்கோணும்." புட்டு அன்றைக்குக் கட்டி கட்டியாக வந்தது.

அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் நானாக இல்லை. பத்துக் கதைகள்தான் தொகுப்பில் வரும். அவள் ஃபோன் மினுங்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். இரண்டு மாதம் முணுமுணுத்து முணுமுணுத்து எழுதிய கதை, தாய் சொன்ன பொய்யால் குப்பைக்குப் போகப்போகிறது. அதுவும் இப்படி ஒருத்தி நூலில் இல்லையே, நீ நூலை வாசித்தாயா என்று யாரோ ஒருவர் அவளிடம் கேட்டுத்தான் அவளுக்கு அது தெரியவரும். தமிழில் எழுதியதே பிழை என்று நினைத்துவிடுவாளோ? வேலையிடத்தில் குழாய்களைப் பிரித்துக்கொண்டே அந்தப் பதிப்பாசிரியரோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். உங்களுடைய ஐந்தாம் பகுதியை என்னிடம் வரவிட்டிருந்தால் நான் ஏன் உண்டாக்கப்போகிறேன் என்று அவரிடம் கேட்டேன், ஏதோ அவர்தான் பறித்ததுபோல. ஒருநாள் உண்மையாகவே ஒரு மின்னஞ்சல் எழுதி, அழித்தேன். அதை மகளுக்குத் தெரியாமல் அனுப்புவது இரண்டாவது பொய்.

கடைசியில் கணவரிடம் சொன்னேன். "இஞ்சேருங்கோ, அந்தக் காவல்காரி புத்தகத்தில இல்லை. நான் சும்மா சொன்னது."

அவர் லாப்டாப்பிலிருந்து தலையை எடுக்கவேயில்லை. "அப்படியா?" என்றார். இன்னும் எதையோ தட்டியபடி, "அவகிட்டயே பேசிடும்மா. கார்ல போறப்ப பேசு. உங்க ரெண்டு பேருக்கும் அங்கதான் பேச்சு வரும்" என்றார். பெண்ணின் கதை போகப்போகிறது, இந்த மனிதர் இப்படிச் சாவகாசமாக இருக்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

திங்கட்கிழமை காலை. மகளும் இப்போது ஆல்பனியில்தான் படிக்கிறாள். அவள் ஓட்டுகிறாள், நான் பக்கத்தில். பாலம் போனது, நான் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தேன். மோட்டர்வேயிலிருந்து இறங்கினோம். பழைய இடத்துக்குக் கிட்டவே மறுபடி செம்மஞ்சள் கூம்புகள். இந்த நகரத்தில் வீதி வேலை மட்டும் முடிகிறதே இல்லை. பலகை நில் என்று நின்றது. கார் நின்றது. இனிமேல் தப்ப வழியில்லை என்று தெரிந்தது.

"பிள்ளை, ஒரு விசயம் சொல்லோணும். கோவிக்கக் கூடாது."

"ஓம், சொல்லுங்கோ."

"அஞ்சாம் மதகில காவல்காரி ஒருத்தரும் இல்லை. புத்தகத்தில இல்லை எண்டு சொல்லுறன். எனக்கு அந்தப் பகுதி கடைசிவரைக்கும் கிடைக்கேல்லை. நீ கேட்டாய், நான் இந்த இடத்தில நிண்ட ஒரு பொம்பிளையைப் பாத்து உண்டாக்கிப்போட்டன். உன்ர கதையைத் திருப்பி அனுப்பினா அது உன்ர பிழை இல்லை. என்ர பிழை."

அவள் முன்னாலிருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும், அம்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் இயர் டென் படிக்கேக்க அப்பா புக் வாங்கிட்டு வந்தாங்க. உங்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான்." அவளுடைய தமிழில் என் ஊரும் அவருடைய ஊரும் ஒரே வசனத்துக்குள் இருக்கும். "முதல்ல அஞ்சாம் பகுதியைத்தான் எடுத்தன். அவவைப் பாக்கத்தான். அம்மா, அதில என்ன இருக்குத் தெரியுமா? மதகு சும்மா திறந்து கிடக்கும். நாரை சொல்லும், 'இதென்ன, காவலுக்கு ஒருவரையும் காணவில்லையே' எண்டு. அவ்வளவுதான். ரெண்டு பேரும் நடந்து போயிடுவாங்க. அரைப் பக்கம். மிச்சம் முழுக்க ஒரு தவளை நீதிபதியின்ர வழக்கு."

"அரைப் பக்கமோ!" என்றேன். முப்பது வருடம் காத்திருந்தது அரைப் பக்கத்துக்கு.

"அண்டைக்கு எனக்கு அழுகை வந்தது. பிறகு யோசிச்சன். காணவில்லை எண்டுதானே போட்டிருக்கு? இல்லை எண்டு போடேல்லையே. அப்ப அண்டைக்கு அவ லீவு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆணியில் கொழுவிய பலகை. திறந்து கிடந்த மதகு. ஈரக் கால் தடங்கள். அலங்காரத்துக்கு வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்த தடங்கள், நூலில் உள்ள சிறுமியும் நாரையும் நடந்துபோன அதே தடங்கள். மூலநூலில் ஒரு சொல்லைக்கூடத் தொடாமல், அதில் வெறுமையாகக் கிடந்த ஓர் அரைப் பக்கத்துக்குள் என் காவல்காரியைக் கச்சிதமாக இருத்தியிருந்தாள். தையல் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. நான் பொய்யென்று பதின்மூன்று வருடம் ஒளித்ததை, என் பிள்ளை உண்மையாக்கிவிட்டு டோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இந்தக் கெட்டித்தனம் யாருக்கு வரும்? எனக்கு வராது. நான் பெற்றவளுக்கு வந்தது.

பெருமை ஒரு பக்கம், கோபம் மறுபக்கம். "தெரிஞ்சு கொண்டு ஏன் சொல்லேல்லை? அஞ்சு வருசமா!"

"நீங்க ஏன் சொல்லேல்லை? பதிமூண்டு வருசமா."

அவளுக்கு என் வாய் இருக்கிறது என்பதை நான் அடிக்கடி மறந்துபோகிறேன்.

"டாஷ்போர்டைத் திறவுங்கோ" என்றாள்.

திறந்தேன். மடித்த தாள்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை வந்த மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருந்தாள். கதையை அனுப்பும்போதே பதிப்பாசிரியருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாளாம்: காவல்காரி மூலநூலில் இல்லை, அரைப் பக்கத்தில் காணாமல் போனவள், அவளை உண்டாக்கியவர் என் அம்மா. அந்தக் கறார் அம்மாவின் பதில் நாலே வரி. கதை தேர்வாகியிருக்கிறது. முரண் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆனால் இந்தப் பாத்திரம் உங்களுடையதும் அல்ல, எங்கள் நூலாசிரியருடையதும் அல்ல. ஆகவே படைத்தவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அச்சிட முடியாது.

கீழே ஒரு படிவம். பதிப்பாசிரியரோடு நான் மனதுக்குள் பிடித்த சண்டைகளையெல்லாம் அந்த நிமிடமே வாபஸ் வாங்கினேன்.

"வெள்ளிக்கிழமை வந்ததை ஏன் மூண்டு நாள் வைச்சிருந்தனி?"

"நீங்களே சொல்லுவீங்கள் எண்டு அப்பா சொன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் வெயிட் பண்ணினோம்."

பேனா தந்தாள். கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் படிவத்தை விரித்தேன். பாத்திரத்தைப் படைத்தவர் பெயர். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல, முழுப்பெயரையும் எழுதினேன். தொழில். ஆய்வுகூட உதவியாளர். பாத்திரம் முதலில் வெளிவந்த விதம்: நூல், இதழ், பிற. பிற என்பதற்கு அடையாளம் போட்டு, பக்கத்திலிருந்த கோட்டில் கார் என்று எழுதினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஏழாகப் பிரித்த நூலில் எனக்கு வராமல்போன பகுதிக்குச் சம்மதம் தரச்சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். என்னைத்தான்.

பலகை போ என்று திரும்பியது. முன்னாலிருந்த கார் போனது. எங்கள் கார் அசையவில்லை. பின்னாலிருந்து ஒருவர் ஹோர்ன் அடித்தார். இந்த ஊரில் அது லேசில் கேட்காத சத்தம். கையெழுத்துக்குரிய கோட்டில் நான் பேனாவை வைத்திருந்தேன்.

என் மகள் கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்தாள். "பொறுங்கோ!" என்று ஒரு அதட்டல் போட்டாள். "மற்ற ஆக்களுக்கு அவசரம் இல்லையோ?"

பின்னால் சத்தம் நின்றது. நான் ஆறுதலாகக் கையெழுத்து வைத்தேன்.